தார் ரோட்டு முனையில் அடிக்கவிடாத காத்து

மண்ணுக்குள்ள தூங்கிக்கிட்டிருக்கிற என் மச்சானுக்கு, உங்க பொண்டாட்டி ஹலீமாவோட ஸலாம்.

கபுருஸ்தானுக்குள்ள பொம்பளைங்க வரக்கூடாதுங்கிறாங்க. அதனால இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட உங்க பக்கத்துல வந்து நின்னு பேசினதில்லை. எழுதியாவது வைக்கிறேன். அஞ்சாங்கிளாஸ் படிப்புதான், தப்பிருந்தா எப்பவும் போல சிரிக்காதீங்க. இதை நான் ஒட்டி மூடப்போறதில்லை மச்சான். யார் கையில கிடைச்சாலும் படிக்கட்டும்.

நம்ம ஜெமிலா இப்ப மதரஸாவுக்குப் போறா. போன வாரம் அழுதுக்கிட்டே வந்தா. கூட ஓதுற பிள்ளைங்க அவளைக் "காத்துப்போனவர் மவ"ன்னு கூப்பிடுதாம். "உம்மா, வாப்பாவுக்கு ஏன் அந்தப் பேரு?"ன்னு கேக்குறா. பரங்கிப்பேட்டைல நாலு தெருவுக்கும் தெரிஞ்ச பேரு அது. எனக்கும் தெரியும். ஆனா என் பிள்ளை வாயிலேருந்து கேட்டது இதுதான் முதல் தடவை. என்ன பதில் சொல்றது? நீங்களே சொல்லுங்க.

எனக்கு எல்லார் மேலயும் கோபம் மச்சான். உங்க மேலயும்தான். அதைச் சொல்லிட்டே ஆரம்பிக்கிறேன்.

அந்த டயர்லேருந்துதான் எல்லாம். மீன் ஏத்த பழைய பிக்கப் வாங்கினீங்க, சரி. கரை மணல்ல வண்டி அச்சு வரைக்கும் புதையுதுன்னு தினமும் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளினீங்க, அதுவும் சரி. கடலூர் பழைய டவுனுக்குப் போறேன்னு கிளம்பி, பட்டாளத்துல ஏலம் விட்ட லாரி டயரை நாலு வாங்கி மாட்டிக்கிட்டு வந்து நின்னீங்களே! தெருவே கூடிடுச்சு. சின்னப் பையன் அவன் வாப்பா செருப்பைப் போட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்துச்சு வண்டி. திருப்பினா மட்கார்டுல உரசுதுன்னு அன்னைக்கே மட்கார்டை வெட்டினீங்க.

"எதுக்கு இவ்ளோ பெருசு?"ன்னு கேட்டேன்.

"பெரிய டயர் மணல்ல மிதக்கும் ஹலீமா. புதையாது."

அது பாதிக் காரணம். மீதிப் பாதி எனக்குத் தெரியும். உசரமா உக்காந்து, ஜட்கா வண்டிக்காரங்க தலைக்கு மேல பார்த்துக்கிட்டுப் போகணும் உங்களுக்கு. அந்த ஆசையை நான் குத்தம் சொல்லலை. உங்களுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்.

மாட்டினது பெருசில்லை, எவ்வளவு காத்து அடிக்கிறதுங்கிறதுலதான் வந்துச்சு வினை. சைக்கிள் கடைக்காரர் டயர் மேல அச்சடிச்சிருந்த நம்பரைப் பார்த்து, அம்பத்தஞ்சு பவுண்டு அடிச்சு விட்டார். முதல் நாளே சிதம்பரம் மார்க்கெட்டுக்குப் போறதுக்குள்ள பாதி கூடை துள்ளி ரோட்டுல விழுந்துச்சு. பிரேக் போட்டா வண்டி நிக்காம வழுக்குதுன்னீங்க. முதுகுல ஒத்தடம் குடுத்தவ நான். "நல்லா இறுக்கமா இருந்தாதானே டயர் நிக்கும்?"னு நீங்க. "ஆட்டுக்கல்லு மேல உக்காந்து போற மாதிரி இருக்குன்னு நீங்கதானே சொல்றீங்க"ன்னு நான். அந்த வாரம் பூரா நம்ம வீட்டுல இதே சண்டை.

அப்புறம் ஒருநாள் கடலூர்லேருந்து திரும்பினப்போ லாரிக்காரர் யாரோ சொன்னாருன்னு ஒரு யோசனை கொண்டாந்தீங்க. டயர் மேல போட்டிருக்கிற நம்பர் அந்த டயர் அதிகமா எவ்வளவு தாங்கும்ங்கிற கணக்காம். பட்டாள லாரி பாரத்துக்கு வெச்சது. நம்ம வண்டி அதுல பாதி எடைகூட இல்லை. அதனால நாமளேதான் கண்டுபிடிக்கணும்னீங்க.

ஃபஜர் தொழுதுட்டு வந்து, தெருவுல ஆள் நடமாட்டம் வர்றதுக்கு முன்னாடி, கொல்லைப்புறத்து முத்தத்துல நாம ரெண்டு பேரும் பண்ணின வேலை ஞாபகம் இருக்கா? சாக்பீஸால டயர்ல குறுக்கே, இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும் நான் தடிமனா கோடு போடுவேன். நீங்க வண்டியைக் கொஞ்ச தூரம் நேரா உருட்டிட்டு இறங்கி வந்து குனிஞ்சு பார்ப்பீங்க. நடுவுல மட்டும் கோடு அழிஞ்சிருந்தா காத்து ஜாஸ்தி, டயர் வயித்தைத் தூக்கிக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். ரெண்டு ஓரம் மட்டும் அழிஞ்சிருந்தா காத்து பத்தாது. கோடு பூரா ஒரே சீரா அழியிற வரைக்கும் இறக்குறதும் கால் பம்பால ஏத்துறதுமா இருந்தோம். பம்பு மிதிச்சது நான்தான். புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு நான் மிதிக்கிறதைப் பார்த்து நீங்க சிரிச்சதுல, காத்து அளவு பார்க்கிற குச்சி கை நழுவிக் கிணத்தடில விழுந்துச்சு.

கடைசியா முன்னால இருபத்திநாலு, பின்னால வெறும் வண்டிக்கு இருபத்தாறு, மீன் ஏத்தினா முப்பத்தாறு. கரை மணல்ல இறங்கும்போது மட்டும் நாலு டயர்லயும் பதினாலுக்கு இறக்கணும். அப்பதான் டயர் அகலமாப் படுத்துக்கும், புதையாது. ஆனா தார் ரோடு ஏறினதும் நிறுத்தி, திரும்ப அடிச்சுத்தான் ஆகணும். மெத்துன்னு இருக்கிற டயரோட வேகமாப் போனா பக்கவாட்டு ரப்பர் மடங்கி மடங்கிச் சூடாகும், வெடிச்சிடும்னு எனக்கே வகுப்பு எடுத்தீங்க. தினமும் தார் ரோட்டு முனைல நின்னு பம்பு மிதிப்பீங்க. போறவங்க வர்றவங்க, "என்னா, வண்டிக்கு மூச்சு வாங்குதா?"ன்னு கேலி பண்ணுவாங்க. நீங்க ஒருநாள்கூட அடிக்காம ஏறினதில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுறேன்? படிக்கிறவங்களுக்குத் தெரியட்டும். நீங்க தெரியாம செத்தவர் இல்லை.

அந்த ஐப்பசி மழையில, விடிஞ்சு கொஞ்ச நேரத்துல ஹாஜியாரோட ஆளுங்க நம்ம வாசல்ல வந்து நின்னாங்க. ஊருல பெரிய மனுஷர், பினாங்குல கடை வெச்சிருந்தவர். சாமியார்பேட்டை பக்கத்துல சவுக்குத் தோப்புக்குள்ள அவருக்கு வீடு. அவர் தங்கச்சி ருகையாவுக்கு ராத்திரியிலேருந்து பிரசவ வலி. பிள்ளை திரும்பிக் கிடக்கு, என் கை மீறிப்போச்சு, சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு மருத்துவச்சி சொல்லிட்டா. ஹாஜியார் கார் மணல்ல இறங்கி, சேத்துல முக்கால்வாசி மாட்டிக்கிச்சு. ஊருலயே அந்தத் தோப்புக்குள்ள போயிட்டுத் திரும்புற வண்டி நம்மளது ஒண்ணுதான்.

ருகையாவுக்கு உம்மா இல்லை. புருஷன் பினாங்குல. கூட வர ஒரு பொம்பளை வேணும்னாங்க. நீங்க என்னைத் திரும்பிப் பார்த்தீங்க. நான் ஜெமிலாவை எங்க உம்மாகிட்டே குடுத்துட்டு துப்பட்டியைப் போட்டுக்கிட்டு ஏறினேன்.

தோப்பு வாசல்ல காத்தை இறக்கினீங்க. அந்தச் சேத்துலயும் மணல்லயும் வண்டி ஒரு இடத்துலகூட நிக்கலை. பின்னால தார்ப்பாய்க்குக் கீழே மெத்தையைப் போட்டு, ருகையா தலையை என் மடில வெச்சுக்கிட்டிருந்தேன். அவ என் கையைப் புடிச்ச புடியில வளையல் உடைஞ்சு குத்துச்சு. ஹாஜியார் முன்னால உங்க பக்கத்துல. தார் ரோட்டு முனைல வண்டி நின்னுச்சு. நீங்க இறங்கி வந்து, என் காலடில இருந்த பம்பை எடுத்தீங்க.

"ஏன் நிறுத்தினே?"ன்னு ஹாஜியார் இறங்கி வந்தார்.

"காத்து அடிக்கணும் ஹாஜியாரே. இதே காத்தோட ரோட்டுல வேகமாப் போனா டயர் தாங்காது. பின்னால ரெண்டுக்கு மட்டுமாவது அடிச்சுடுறேன்."

"என் தங்கச்சி உள்ள செத்துக்கிட்டிருக்கா, நீ காத்து அடிக்கிறியா?"

"அடிச்சிட்டா பறந்து போயிடலாம். இல்லாட்டி மெதுவாத்தான் போகணும். கொஞ்சம் பொறுங்க."

நீங்க வால்வு மூடியைக் கழட்டிட்டீங்க. குழாயையும் மாட்டிட்டீங்க. நான் தார்ப்பாய் இடுக்கு வழியாப் பார்த்துக்கிட்டேயிருக்கேன். ஹாஜியார் குனிஞ்சு உங்க கையிலேருந்து பம்பைப் புடுங்கி, ரோட்டோரம் ரெண்டு கரையும் தொட்டு ஓடிக்கிட்டிருந்த வாய்க்கால்ல விட்டெறிஞ்சார். தண்ணி தளும்பி உங்க முகத்துல அடிச்சுச்சு. "இப்ப எடு வண்டியை"ன்னார்.

மூடியைத் திரும்பப் போட்டுட்டு ஏறினீங்க. மெதுவாத்தான் எடுத்தீங்க, அதுக்கு நான் சாட்சி. முட்லூர் வரைக்கும் மெதுவாத்தான் போனீங்க. "மாட்டு வண்டியா ஓட்டுறே? அவ செத்தா உன்னை விடமாட்டேன்"னு ஹாஜியார் கத்திக்கிட்டே வந்தார். ருகையாவும் அலறிக்கிட்டேயிருந்தா. அந்தச் சத்தம் யாரைத்தான் மெதுவா ஓட்டவிடும்? முட்லூர் தாண்டினதும் வண்டி வேகம் எடுத்துச்சு.

புவனகிரி வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ரப்பர் தீயிற வாடை வந்துச்சு. நான் உங்க சீட்டுக்குப் பின்னால இருக்கிற கண்ணாடில தட்டினேன். "மச்சான், நிறுத்துங்க! வாடை வருது!" நீங்க திரும்பிப் பார்த்தீங்க. காலைத் தூக்கினது எனக்குத் தெரிஞ்சுது, வண்டி தணிஞ்சுது. ஹாஜியார் சொன்னதும் கேட்டுச்சு: "பொம்பளை பேச்சுக்கு நிறுத்தாதே, போ."

நீங்க போனீங்க.

இதுதான் மச்சான். உங்க மேல இருக்கிற கோபம் இதுதான். தினமும் என்கூட உக்காந்து சாக்பீஸ் கோடு பார்த்தவர், நான் தட்டினப்போ ஏன் நிறுத்தலை? என் சொல்லைவிட அந்த ஆளு சொல் எப்படிப் பெருசாச்சு? உங்களுக்கே மனசுல தெரியும்ல, நிறுத்தணும்னு? ருகையாவுக்காகவா போனீங்க, அவருக்குப் பயந்தா போனீங்க? எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு விளங்கலை.

வலப்பக்கத்துப் பின் டயர் வெடிச்சுது. வண்டி வலப்பக்கம் இழுத்துக்கிட்டுப் போய்ப் புளியமரத்துல மோதுச்சு, நீங்க உக்காந்திருந்த பக்கம். எனக்கு மணிக்கட்டு ஒடிஞ்சுது. ருகையா மெத்தையோட சரிஞ்சா, ஒரு கீறல் இல்லை. ஹாஜியாருக்கு நெத்தில சின்னக் காயம். நான் இறங்கி ஓடி வந்து பார்த்தப்போ உங்க கை ஸ்டியரிங்கிலதான் இருந்துச்சு. கண்ணு திறந்திருந்துச்சு. கலிமா சொல்லச்சொல்லிக் கத்தினேன். உதடு அசைஞ்சுதான்னு இன்னைக்கும் எனக்குச் சரியாச் சொல்லத் தெரியலை. அசைஞ்சுதுன்னுதான் எல்லார்கிட்டேயும் சொல்லியிருக்கேன்.

சிதம்பரம் போற பஸ் ஒண்ணு வந்துச்சு. கண்டக்டரும் ரெண்டு மூணு பேருமா ருகையாவைத் தூக்கி அதுல ஏத்தினாங்க. ஹாஜியாரும் ஏறினார். ஏறுறப்போ என்னைப் பார்த்து, "நீ இரு, ஆள் அனுப்புறேன்"னார். நாத்து நட்டுக்கிட்டிருந்த பொம்பளைங்கதான் சேத்துக் காலோட கரையேறி வந்தாங்க. ஒருத்தி தலைல போட்டிருந்த துணியை எடுத்து உங்க முகத்தைத் துடைச்சா. இன்னொருத்தி என் கையை மரக்குச்சி வெச்சுக் கட்டிவிட்டா. அவங்க பேருகூட நான் கேக்கலை. ஹாஜியார் அனுப்புறேன்னு சொன்ன ஆள் வரவேயில்லை.

ருகையாவுக்கு ஆண் பிள்ளை பிறந்துச்சு, உசிரோட. அல்ஹம்துலில்லாஹ்னு நானும் சொன்னேன். சொல்லணும்ல?

புருஷன் போனவ இருக்கவேண்டிய நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்தேன். வீட்டுக்குள்ள, அறைக்குள்ள. நான் வெளியே வர்றதுக்குள்ள கதை முடிஞ்சிடுச்சு மச்சான். ஹாஜியார் ஜமாஅத்துல சொன்னாராம்: "டயர்ல காத்தே இல்லாம ஓட்டிட்டு வந்தான். வண்டில ஒரு பம்புகூட வெச்சிக்கலை. அல்லாஹ் எங்களைக் காப்பாத்துனான்." விசாரிக்க வந்த போலீஸ்காரர்கிட்டேயும் அதே. வண்டியைத் தேடிப்பார்த்தாங்களாம், பம்பு இல்லைதான். எப்படி இருக்கும்? வாய்க்கால்ல கிடந்த பம்பை எவன் போய்த் தேடினான்? கூட இருந்த பொம்பளையை ஒரு வார்த்தை கேப்போம்னு யாருக்கும் தோணலை. இத்தாவுல இருக்கிறவளை எப்படிக் கேக்குறதுன்னு அவங்களுக்குச் சாக்கும் கிடைச்சுது.

கதவுக்குப் பின்னால நின்னு எங்க வாப்பாகிட்டே எல்லாத்தையும் சொன்னேன். ஹாஜியாரோட சவுக்கு மண்டியில வேலை செய்றவங்க அவங்க. "பெரிய இடம்மா. போனவர் வரப்போறதில்லை. நீ சொல்லி என்ன ஆகப்போவுது?"ன்னாங்க. வாப்பாவையும் நான் மன்னிக்கலை. ஆனா அவங்களுக்குச் சோறு பரிமாறிக்கிட்டுத்தான் இருக்கேன்.

ருகையா ஒரு நாள் வருவான்னு காத்திருந்தேன். என் மடில தலை வெச்சுக் கிடந்தவ, எல்லாத்தையும் காதால கேட்டவ. வரலை. வண்டியை யாரோ உடைச்சு எடைக்குப் போட்டாங்க. நான் கையால பாவாடை, ரவிக்கை தைச்சு ஜெமிலாவை வளர்க்கிறேன்.

இந்த வருஷம் எலெக்‌ஷன்ல ஆட்சியே மாறிப்போச்சு மச்சான். தெருவெல்லாம் பசங்க கொடியோட ஆடினாங்க. நம்ம தெருவுல மட்டும் ஒண்ணும் மாறலை. போன மாசம் ருகையா மகனுக்குச் சுன்னத் கல்யாணம். ஊருக்கே விருந்து, மைக் செட்டு. விதவைங்களுக்குத் தையல் மெஷின் தர்றாங்க, உன் பேரும் இருக்குன்னு வாப்பா கெஞ்சினாங்க. போனேன். பொய் சொல்லலை, அந்த மெஷின் மேல எனக்கு ஆசை இருந்துச்சு.

பொம்பளைங்க திரைக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் மைக்ல ஹாஜியார் ஒவ்வொரு பேராப் படிச்சார். என் பேரு வந்ததும் படிச்சிட்டு நிறுத்தி, ரொம்ப இரக்கமா சொன்னார்: "டிரைவர் செஞ்ச தப்புக்கு அவன் பொஞ்சாதி என்ன பண்ணுவா? நாம்பதான் மன்னிக்கணும்."

எனக்கு எங்கேருந்து அந்தக் குரல் வந்துச்சுன்னு தெரியலை. திரைக்கிட்டே போய் நின்னு, "எங்க மச்சான் காத்து அடிக்கத்தான் நிறுத்தினாங்க. பம்பைப் புடுங்கி வாய்க்கால்ல எறிஞ்சது நீங்க. போன்னு வெரட்டினது நீங்க. மன்னிப்பு கேக்க வேண்டியவர் நீங்க"ன்னேன்.

அந்தப் பக்கம் தட்டுச் சத்தம்கூட நின்னுச்சு. அப்புறம் ஹாஜியார் மெதுவா, "துக்கத்துல புத்தி கலங்கியிருக்கு. துவா ஓதுங்க"ன்னார். உடனே ஒருத்தர் மைக்கைப் புடிச்சு சத்தமா துவா ஆரம்பிச்சிட்டார். அதுக்கு மேல நான் கத்தினது திரையைத் தாண்டலை.

திரும்பினேன். எல்லாப் பொம்பளைங்களும் என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. நடுவுல ருகையா, மகனை மடில வெச்சுக்கிட்டு. நான் ஒண்ணும் கேக்கலை. அவளா வாயைத் திறந்தா. ரொம்ப மெதுவான குரல். "ஹலீமா லாத்தா சொல்றது நெசம். அண்ணன்தான் பம்பைத் தூக்கி எறிஞ்சாங்க. அவங்க மச்சான் கெஞ்சுனாங்க."

சொல்லிட்டு மகன் தலையைத் தடவிக்கிட்டே குனிஞ்சு அழுதா. அந்தப் பக்கம் ஆமீன், ஆமீன்னு ஆம்பளைங்க சத்தம். ஒரு ஆம்பளை காதுலயும் அது விழலை. இந்தப் பக்கம் இருந்த ஒவ்வொரு பொம்பளை காதுலயும் விழுந்துச்சு. நான் மெஷின் வாங்காமலே வந்துட்டேன்.

ஆக ஊருல பாதிப்பேருக்கு உண்மை தெரியும் மச்சான் இப்ப. ஜமாஅத்துல உக்கார முடியாத பாதி. புருஷன்கிட்டே போய்ச் சொன்னாங்களா, சொன்னதும் புருஷன்மாரு அவங்க வாயை அடைச்சாங்களா, தெரியலை. ரெண்டு பேரு ராவோட ராவா வீட்டுப் பக்கம் வந்து சோறு குடுத்துட்டுப் போனாங்க. பகல்ல வர யாருக்கும் தைரியம் இல்லை. வாப்பாவை மண்டியை விட்டு நிறுத்திட்டாங்க. பிள்ளைங்க இன்னும் ஜெமிலாவை அப்படித்தான் கூப்பிடுது.

கடலூர்ல இருக்கிற பெரியம்மா, எங்க வீட்டுக்கு வந்துடு, ஊரு கசந்துபோச்சுல்லன்னு சொல்லியனுப்பினாங்க. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. மூட்டைகூட கட்டினேன். அப்புறம் அவிழ்த்துட்டேன். நான் போயிட்டா இந்த ஊருல உங்க கதையைச் சொல்ல ஹாஜியார் மட்டும்தான் இருப்பார்.

அதனால ஒண்ணு சொல்றேன் மச்சான், கேட்டுக்கோங்க. நான் இந்தத் தெருவை விட்டுப் போகமாட்டேன். அவர் அஞ்சு வேளை பள்ளிக்குப் போற வழி நம்ம வாசல்தான். ஒவ்வொரு வேளையும் வாசல்ல உக்காந்து தைச்சுக்கிட்டிருப்பேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். அவர் போற வரைக்கும், அவர் திரும்பி வர்ற வரைக்கும் பார்த்துக்கிட்டேயிருப்பேன். நாளைக்கு சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அவர் போறப்போ ஜெமிலாவையும் பக்கத்துல உக்கார வெச்சு, அவ கேட்டதுக்குப் பதில் சொல்லப்போறேன், அவர் காதுல விழுற மாதிரி.

இப்படிக்கு,
உங்க கோபக்காரப் பொண்டாட்டி, ஜெமிலாவோட உம்மா,
ஹலீமா